வியாழனின் இரைச்சலை வைத்து ஆன்டெனாவைச் சரிபார்க்க முடியுமா?

கேள்வி, 24 நவம்பர் 2024

அண்ணா, மொட்டை மாடியில் 20.1 மெகாஹெர்ட்ஸுக்கு ரெண்டு டைபோல் (நடுவில் கேபிள் சேரும் நேர்கம்பி ஆன்டெனா) கட்டி முடித்துவிட்டேன், நீங்கள் சொன்ன அளவிலேயே. அது ஒழுங்காக வேலை செய்கிறதா, எந்தத் திசையில் எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க என்னிடம் கருவி எதுவும் இல்லை. வியாழன் கோள்தான் ரேடியோ அலையை ஓசியிலேயே அனுப்பிக்கொண்டிருக்கிறதே, அதையே படிக்கல்லாக வைத்துக்கொள்ளக் கூடாதா? விண்கலங்களின் ஆன்டெனாவைக்கூடக் கோள்களின் ரேடியோ அலையை வைத்துத்தான் சரிபார்த்தார்கள் என்று படித்தேன்.

25 நவம்பர் 2024, காலை

முடியாது தம்பி. படிக்கல் என்றால் அதன் எடை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், நாளைக்கும் அதே எடை இருக்க வேண்டும். வியாழன் அப்படி இல்லை. 20 மெகாஹெர்ட்ஸில் வாரக்கணக்கில் மூச்சே விடாமல் இருக்கும். பிறகு ஒரு ராத்திரி ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். பலமான வெடிப்பு பத்து லட்சம் ஜான்ஸ்கியைத் (வானத்து ரேடியோ அலையின் பலத்துக்கான அளவு அது) தாண்டும், இரண்டு நொடியில் பாதியாகும், மறுபடி ஏறும். இதை வைத்து உன் ஆன்டெனாவின் கெயின், அதாவது ஒரு திசையில் எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறது என்பது, இவ்வளவு என்று எப்படிச் சொல்வாய்?

25 நவம்பர் 2024, இரவு

காலையில் அவசரத்தில் எழுதியது. கொஞ்சம் விரிவாக.

வியாழனிலிருந்து வருவது இரண்டு வகையாகக் காதில் விழும். ஒன்று கடலலை மாதிரி, மரக்காணம் கரையில் ராத்திரி நின்றால் கேட்கிறதே, அதே ஏற்ற இறக்கம், ஒரு சில நொடிக்கு ஒரு அலை. இதை எல் வெடிப்பு என்கிறார்கள். இன்னொன்று சூடான மணலில் சோளம் பொரிகிற சத்தம், ஆயிரத்தில் சில பங்கு நொடிதான் ஒவ்வொன்றும். அது எஸ் வெடிப்பு. எல் வகையின் ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு வியாழனுடையதே அல்ல. நடுவில் இருக்கும் சூரியக் காற்றின் மின்மப் புகையில் பட்டு மினுங்குவதுதான், நட்சத்திரம் கண் சிமிட்டுகிற மாதிரி.

எப்போது வரும் என்பதும் வியாழனைச் சுற்றும் அயோ நிலவைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவில் பிக் என்பவர் 1964இல் கண்டுபிடித்துச் சொன்னார்: அயோ தன் பாதையில் குறிப்பிட்ட இடங்களில் இருக்கும்போது வெடிப்பு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. வியாழனின் எந்தப் பக்கம் நம்மைப் பார்க்கிறது என்பதும் சேர வேண்டும். இரண்டும் சேர்ந்தாலும் வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை.

வரலாற்றிலேயே பார். பெர்க், ஃபிராங்க்ளின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1955இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் செனீகா பக்கத்தில், 96 ஏக்கர் வயலில் சிலுவை வடிவில் போட்ட ஆன்டெனாவை 22.2 மெகாஹெர்ட்ஸில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது நண்டு நெபுலா, வெடித்த நட்சத்திரம் ஒன்றின் மிச்சம். அது நிலையான மூலம், நாளை பார்த்தாலும் அதே பலம். அதாவது நல்ல படிக்கல். அந்தப் பதிவில் நடுநடுவே ஒரு குப்பை இரைச்சல். பக்கத்துப் பண்ணை வேலைக்காரர் யாரோ காதலியைப் பார்த்துவிட்டு ராத்திரி ஓட்டை வண்டியில் திரும்புகிறார், அதன் ஸ்பார்க் பிளக் இரைச்சல்தான் இது என்று தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வண்டி வரும் நேரம் நாளுக்கு 4 நிமிடம் முன்னால் தள்ளிக்கொண்டே போனது. நட்சத்திரங்கள் தினமும் 4 நிமிடம் முன்னால் உதிக்கிற கணக்கு அது. வாரக்கணக்கில் நேரங்களைக் குறித்துப் பார்த்தபோது வியாழனின் நகர்வோடு பொருந்தியது. கோள் ஒன்றிலிருந்து இப்படி ரேடியோ வெடிப்பு வருகிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். பிறகு ஆஸ்திரேலியாவின் ஷெய்ன் தன் பழைய பதிவுகளைத் துழாவினார். 1950, 51லேயே 18.3 மெகாஹெர்ட்ஸில் அது விழுந்திருந்தது, அப்போது உள்ளூர் இடைஞ்சல் என்று ஒதுக்கிவைத்திருந்தார்.

படிக்கல்லாக எடுத்தது நண்டு நெபுலாவை. வியாழன் அந்த அளவையைக் கெடுக்க வந்தது. அதனால்தான் முடியாது என்றேன்.

29 நவம்பர் 2024

புயல் வருகிறது. புதுச்சேரிப் பக்கம்தான் கரையைத் தொடும் என்கிறார்கள், செஞ்சிக்குத் தூரம் ஒன்றும் இல்லை. மூங்கில் கம்பங்களைச் சாய்த்து, ரெண்டு டைபோலையும் அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன். நீயும் இறக்கிவிடு. ஈரக் கம்பி காற்றில் அறுந்து கரண்ட் கம்பி மேல் விழுந்தால் ஆன்டெனாவோடு போகாது.

3 டிசம்பர் 2024

இங்கே சேதம் அதிகம் இல்லை. கீழே ஏரிப் பக்கம் வயல் முழுக்கத் தண்ணீர். கம்பங்களைத் திரும்ப நட்டு இன்று சாயங்காலம் டைபோல்களை ஏற்றிவிட்டேன்.

கரண்ட் இல்லாத மூன்று ராத்திரியும் உன் கேள்விதான் மனசில் ஓடியது. முடியாது என்று அடித்துச் சொன்னது தப்பு. நீ கேட்டதில் கடைசி வரியை நான் சரியாகப் படிக்கவில்லை. விண்கலங்களில் செய்தார்கள்தான்.

காசினி விண்கலத்தை எடுத்துக்கொள். 1997 அக்டோபரில் கிளம்பியது. சனிக்குப் போகிற வழியில் 2000 டிசம்பர் 30 அன்று வியாழனைச் சுமார் 97 லட்சம் கிலோமீட்டர் தள்ளிக் கடந்தது. அதில் ரேடியோ அலைக்கு 10 மீட்டர் நீளத்தில் மூன்று ஆன்டெனாக் கம்பிகள். சனியில் வேலை என்னவென்றால், அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. சிறிய மூன்று கம்பியை வைத்துத் திசை பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு கம்பியும் எந்தத் திசையில் "கேட்கிறது" என்பது ஒன்றிரண்டு பாகைக்குள் தெரிந்திருக்க வேண்டும். கம்பி உடம்பிலிருந்து எந்தக் கோணத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தக் கோணத்தில்தான் கேட்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. விண்கலத்தின் உலோக உடம்பு கம்பியின் திசையைச் சில பாகை வளைத்துவிடும்.

வியாழனைக் கடக்கும்போது என்ன வசதி என்றால், அது எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். அவ்வளவு தூரத்திலிருந்து அதன் முழு வட்டமும் ஒரு பாகைக்குள் அடங்கிவிடும். கலத்தைச் சுழற்றிச் சுழற்றி, ஒரே நேரத்தில் இரண்டு கம்பியில் வந்ததை ஒப்பிட்டார்கள். வியாழன் எவ்வளவு கத்தியது என்பது தெரியாது. ஆனால் இரண்டு கம்பியும் கேட்டது அதே கத்தலை, அதே நொடியில். ஒன்றை மற்றதால் வகுத்தால் வியாழனின் ஏற்ற இறக்கம் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது ஆன்டெனாக்களின் குணம் மட்டும்.

எடை தெரியாத கல்லை வைத்து அரிசி நிறுக்க முடியாது. ஆனால் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். சமமாக நிற்கும் இரண்டு பொருளைத் தட்டு மாற்றி வைத்தால் போதும். எடை எவ்வளவு என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் தாத்தா சந்தையில் அதைத்தான் செய்வார்.

4 டிசம்பர் 2024

"கம்பியை வளைக்கும்" என்று எழுதியதை ஒருவர் நிஜமாகவே வளைந்துபோகும் என்று எடுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். கம்பி நேராகத்தான் இருக்கும். வரும் அலை உலோக உடம்பிலும் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதுவும் சேர்ந்து கம்பியின் முனையில் வோல்டேஜாகத் தெரிகிறது. மொத்தமாகக் கணக்குப் பார்த்தால், வேறு நீளத்தில், வேறு திசையில் ஒரு கற்பனைக் கம்பி நிற்கிற மாதிரி. அதைச் செயல்படு நீளம் என்று சொல்லலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒரு அருமையான வழி வைத்திருக்கிறார்கள். விண்கலத்தின் சின்ன மாதிரியை உலோகத்தில் செய்து, தண்ணீர்த் தொட்டியில் தொங்கவிட்டு, தொட்டியின் இரண்டு பக்கத் தகட்டுக்கும் இடையே மின்புலம் கொடுத்து, மாதிரியைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு கம்பியிலும் வரும் வோல்டேஜை அளப்பது. அலைநீளம் ஆன்டெனாவைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்வரை அந்த அளவு செல்லும். காசினிக்கு அப்படி முதலில் அளந்தார்கள், பிறகு வியாழனை வைத்து வானத்திலேயே சரிபார்த்தார்கள். தொட்டிக்குள் பார்த்ததும் வானத்தில் பார்த்ததும் கிட்டத்தட்ட ஒத்துப்போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு வரும்.

பூமியையும் இதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். துருவ ஒளி மண்டலத்துக்கு மேலே நம் பூமியும் சில நூறு கிலோஹெர்ட்ஸில் அடிக்கடி கத்துகிறது. வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் மறைப்பதால் கீழே இருக்கும் நமக்குக் கேட்காது. சூரியனைப் பார்க்க 2006இல் ஏவிய ஸ்டீரியோ கலங்களின் 6 மீட்டர் ஆன்டெனாக்களை, கலம் சுழலும்போது அந்தப் பூமி இரைச்சலை வைத்துச் சரிபார்த்தார்கள்.

9 டிசம்பர் 2024

என் பழைய தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அதே குழியில் நீ விழக் கூடாது. 2023 நவம்பரில் வியாழன் எதிர்நிலையில் (சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம்) இருந்த சமயம், ஒற்றை டைபோலில் நான்கு ராத்திரி பதிவு எடுத்தேன். ஒரு ராத்திரி வெடிப்பு உச்சத்துக்கு வந்தது வியாழன் உச்சி தாண்டி ஒன்றரை மணி நேரம் கழித்து. அப்படியானால் என் ஆன்டெனா மேற்கே 22 பாகை சாய்ந்து கேட்கிறது என்று முடிவு கட்டி, மேற்குப் பக்கக் கம்பத்தை ஓரடி உயர்த்தி, நண்பர்களிடமும் சொன்னேன். அடுத்த வாரம் இன்னொரு வெடிப்பு, அதன் உச்சம் கிழக்கே. வியாழன் எப்போது கத்தியதோ அப்போதுதான் எனக்குக் கேட்டது. ஆன்டெனாவின் சாய்வை அது சொல்லவே இல்லை.

ஒற்றை ஆன்டெனாவில், ஒற்றை மூலத்தில், நேரத்தோடு மாறுவதைத் திசையோடு மாறுவதாக எடுத்துக்கொண்டேன். நண்டு நெபுலா மாதிரி நிலையான மூலத்துக்குச் சரிவரும் முறையை வியாழனுக்குப் போட்டதுதான் தப்பு.

16 டிசம்பர் 2024

மார்கழி பிறந்தது. விடியற்காலையில் கோவில் ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது 20 மெகாஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் வரும், குறித்துவைத்துக்கொள்.

நிலையான படிக்கல் வேண்டும் என்றால் நமக்கு ஒன்று தலைக்கு மேலேயே இருக்கிறது. பால்வெளி. 20 மெகாஹெர்ட்ஸில் வானம் முழுக்கச் சுமார் 50,000 கெல்வின் சூட்டில் இருக்கிற மாதிரி இரைகிறது. நல்ல ஆன்டெனாவைச் சொருகினால் ரிசீவரின் சத்தம் சட்டென்று ஏறும், அந்த ஏற்றம்தான் பால்வெளி. என்னிடம் 25,000 கெல்வின் அளவில் இரைச்சல் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஒரு நிமிடம் பெட்டி, ஒரு நிமிடம் ஆன்டெனா என்று மாற்றிப் பார்த்தால் வானத்தின் அளவு கிடைக்கும்.

ஒப்பிடும்போது நட்சத்திர நேரம் ஒன்றாக இருக்க வேண்டும், அதே வானம் மேலே இருக்க. நாளுக்கு 4 நிமிடம் முன்னால் வர வேண்டும். நவம்பர் 20 நள்ளிரவு 1 மணிக்கு எனக்கு 46,000 வந்தது. புயலுக்குப் பிறகு கம்பத்தை ஏற்றிவிட்டு டிசம்பர் 5 நள்ளிரவு 12 மணிக்குப் பார்த்தேன், 45,000. ஆக ஆன்டெனா பழைய நிலைக்கே வந்துவிட்டது, சரிபார்ப்பு முடிந்தது.

21 டிசம்பர் 2024, விடிகாலை 3 மணி

மேலே கடைசியாக எழுதியது தப்பு. முழுத் தப்பு. தூக்கம் வரவில்லை, இப்போதே எழுதிவிடுகிறேன்.

பதினொன்றரைக்கு வந்தவாசி நண்பர் போன் செய்தார். அங்கே ஒற்றை டைபோல்தான். "அலை அடிக்குது, கேட்கிறீங்களா?" என்றார். போனை ரிசீவர் பக்கத்தில் வைத்தார், எனக்கே கேட்டது. அதே கடலலை. என் ரிசீவரில் ஒன்றும் இல்லை. பால்வெளியின் ஸ்ஸ்ஸ் மட்டும், வழக்கமான அளவில். இரண்டு டைபோல் போட்டவனுக்குக் கேட்கவில்லை, ஒற்றை டைபோலுக்குக் கேட்கிறது. நடுவில் இருக்கும் தூரம் 40 கிலோமீட்டர்.

ஸ்வெட்டரும் டார்ச்சுமாக மாடிக்கு ஓடினேன். குரு இப்போது ரிஷபத்தில் இருக்கிறார் என்று பஞ்சாங்கம் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ரோகிணி நட்சத்திரம் பக்கத்திலேயே, மேற்கே லேசாகச் சாய்ந்து பளிச்சென்று நின்றது. பனியில் கைப்பிடிச் சுவர் ஈரமாக இருந்தது. இரண்டு டைபோலும் சேருகிற கம்பைனர் டப்பாவைத் திறந்து, ஒரு கேபிளைக் கழற்றி, முதல் டைபோலை மட்டும் நேராக ரிசீவருக்குக் கொடுத்தேன். ஹெட்போனில் அலை அடித்தது. தெளிவாக. சரி, இரண்டாவதுதான் செத்திருக்கிறது என்று நினைத்து அதை மட்டும் கொடுத்தேன். அதிலும் அலை அடித்தது, அதே பலத்தில். இரண்டையும் சேர்த்தேன். அடங்கிப் போனது.

நம்ப முடியாமல் பன்னிரண்டு முறை செய்தேன். முதலாவது: கேட்கிறது. இரண்டாவது: கேட்கிறது. சேர்த்தால்: இல்லை. வெடிப்பு தன்பாட்டுக்கு ஏறி இறங்கினாலும் பன்னிரண்டு முறையும் ஒரே விடை. ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது. எதிர் எதிராக நிற்கின்றன.

டார்ச்சைக் கம்பத்தின் உச்சிக்கு அடித்தேன். ஒவ்வொரு டைபோலின் நடுவிலும் ஒரு சாண் பிவிசி குழாய். அதில் கேபிளின் நடுக்கம்பி போகும் பக்கம் சிவப்பு நூல் கட்டியிருப்பேன். ஒன்றில் சிவப்பு நூல் கிழக்கே, மற்றதில் மேற்கே. புயலுக்குப் பிறகு சாயங்கால இருட்டில் ஏற்றும்போது ஒரு டைபோலைத் தலைமாற்றிக் கட்டியிருக்கிறேன்.

அவிழ்த்துத் திருப்பிக் கட்டி முடிக்கும்போது மணி 12.50. சேர்த்துக் கேட்டேன். அலை வந்த வேகத்துக்கு ஹெட்போனைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. இன்னும் கால் மணி நேரம் அடித்தது, பிறகு ஓய்ந்தது.

21 டிசம்பர் 2024, மாலை

கணக்குப் போட்டேன். டைபோல்கள் கிழக்கு மேற்காக, ஒன்றுக்கொன்று 20 அடி தள்ளி வடக்கு தெற்காக. நம் ஊர் அட்சம் 12 பாகை சொச்சம், வியாழனின் நடுவரை விலக்கம் (வானத்தில் அதன் அட்சம்) வடக்கே 22 பாகை. ஆக உச்சிக்கு வடக்கே 10 பாகையில் கடக்கிறது. நேராகக் கட்டியிருந்தால் கிட்டத்தட்ட முழு பலம் கிடைக்கும். எதிராகக் கட்டினால் சரியாக உச்சி வழியே கிழக்கு மேற்காக ஒரு செவிட்டுப் பட்டை விழும், வியாழன் அதன் ஓரத்திலேயே நடக்கிறது. நேராக இருப்பதைவிட 12, 13 டெசிபல் குறைவு. அதாவது இருபதில் ஒரு பங்கு. பால்வெளி இரைச்சலுக்குக் கீழே முங்கிப் போவதற்கு அது போதும்.

டிசம்பர் முதல் வாரத்திலிருந்து நேற்றுவரை "இன்று வியாழன் அமைதி" என்று நோட்டில் எழுதிவந்த எல்லா வரிகளையும் அடித்துவிட்டேன்.

2 ஜனவரி 2025

நல்ல கேள்வி வந்திருக்கிறது: அவ்வளவு பெரிய பிழை பால்வெளி அளவையில் ஏன் தெரியவில்லை? 46,000க்கும் 45,000க்கும் வித்தியாசமே இல்லையே?

பால்வெளி எல்லாப் பக்கமும் இருக்கிறது. ஆன்டெனா ஒரு பக்கம் செவிடானால் இன்னொரு பக்கம் கூடுதலாகக் கேட்கும், மொத்தம் மாறாது. வீட்டுக்குள் நான்கு பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் இருந்தால் நீ எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாய் என்று வெளிச்சத்தை வைத்துச் சொல்ல முடியாதே, அது மாதிரி. எல்லாப் பக்கமும் ஒரே சூடு இருந்தால் இழப்பில்லாத எந்த ஆன்டெனாவும், எப்படிக் கட்டினாலும், அதே சூட்டைத்தான் காட்டும். பால்வெளி சொல்லக்கூடியது வேறு விஷயம்: கேபிளில் எவ்வளவு தின்றது, கனெக்டர் சரியா, ரிசீவர் சரியா. எந்தப் பக்கம் கேட்கிறது என்பதை அது சொல்லாது. அதற்கு ஒரு புள்ளி வேண்டும், எங்கே இருக்கிறது என்று தெரிந்த புள்ளி. வியாழன் அந்தப் புள்ளி.

நவம்பரில் நான் முடியாது என்றதும், நீ முடியும் என்றதும் இரண்டு வேறு வேலையைப் பற்றி. காசினிக்காரர்களும் இரண்டையும் பிரித்துத்தான் செய்திருக்கிறார்கள்: திசைக்கு வியாழன், வந்த அலையின் பலத்தைக் கணக்கிடப் பால்வெளி இரைச்சல்.

3 ஜனவரி 2025

நேற்று "மொத்தம் மாறாது" என்று எழுதியதில் ஒரு திருத்தம். வானம் எல்லாப் பக்கமும் சரியாக ஒரே சூடு இல்லை. தனுசு ராசிப் பக்கம், பால்வெளியின் நடுப்பகுதி, பல மடங்கு பலம். அது மேலே வரும் நேரத்தில் அளந்திருந்தால் இரண்டு அளவைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கக்கூடும். டிசம்பர் நள்ளிரவில் தலைக்கு மேலே இருப்பது அதற்கு நேர் எதிர்ப்பக்கம், ஓரளவு சீரான வானம். அதனால்தான் பிழை ஒளிந்துகொண்டது.

14 ஜனவரி 2025

பொங்கல் முடிந்து உட்கார்ந்தேன், மூன்று கேள்வி சேர்ந்திருக்கிறது.

சனியை வைத்துச் செய்யலாமா? தரையிலிருந்து முடியாது, அதன் அலை சில நூறு கிலோஹெர்ட்ஸில், அயனி மண்டலம் விடாது. அதோடு சனியின் கடிகாரமும் நம்ப முடியாதது. வியாழனின் காந்தப்புலம் 9 மணி 55 நிமிடம் 29.7 நொடிக்கு ஒரு சுற்று, பல பத்தாண்டு அளந்தும் அதே. சனிக்கு வாயேஜர் விண்கலம் அளந்தது 10 மணி 39 நிமிடம் 24 நொடி. 2004இல் காசினி போய் அளந்தால் 10 மணி 45 நிமிடம் சொச்சம். கோள் ஒன்றும் மெதுவாகிவிடவில்லை. ரேடியோ அலை கோளின் உட்பகுதியோடு ஒட்டிச் சுழலவில்லை, அவ்வளவுதான்.

டிஷ் வைத்திருப்பவர் கேட்டது: கிகாஹெர்ட்ஸில் வியாழன் வெடிக்காது. அங்கே வருவது கோளின் சூடும், அதைச் சுற்றிய கதிர்வீச்சுப் பட்டையின் இரைச்சலும், நிதானமானவை. மில்லிமீட்டர் அலைக்குப் போனால் கோள்களே முதல்தரப் படிக்கல். சிலியில் அல்மா தொலைநோக்கி யுரேனஸ், நெப்டியூன், கானிமீட், கலிஸ்டோ எல்லாவற்றையும் பலம் அளக்கும் மூலமாக வைத்திருக்கிறது. பிரபஞ்சத்தின் பழைய நுண்ணலை மிச்சத்தை அளந்த டபிள்யூமேப், பிளாங்க் கலங்கள் தங்கள் பார்வைக் கற்றையின் வடிவத்தை வியாழனை வைத்து வரைந்தன. உங்கள் மொட்டை மாடி டிஷ்ஷுக்கு அதெல்லாம் மிகச் சன்னம். சூரியனை எடுங்கள். மார்ச்சிலும் செப்டம்பர், அக்டோபரிலும் பகலில் சில நிமிடம் டிவி படம் போய்விடுகிறதே, கேபிள்காரர்கள் முன்கூட்டியே எழுதிப் போடுவார்களே, அது சூரியன் உங்கள் டிஷ்ஷின் கற்றைக்குள் வந்து உட்காருவதுதான்.

அடுத்து, 40 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று ஒருவர். கேட்காது. எலெக்ட்ரான் காந்தப்புலத்தைச் சுற்றும் வேகத்தில்தான் அந்த அலை பிறக்கிறது. வியாழனில் புலம் மிக வலுவாக இருக்கும் இடத்திலும் அந்த வேகம் 40ஐத் தாண்டுவதில்லை. கீழ்ப்பக்கம் நம் அயனி மண்டலம் மறைக்கிறது. சூரியன் இப்போது உச்சத்தில் இருப்பதால் 20இலேயே முன்னிரவில் தூர தேசத்து நிலையங்கள் வந்து மேலே ஏறிக்கொள்கின்றன. நள்ளிரவு தாண்டினால் கொஞ்சம் தெளியும்.

19 ஜனவரி 2025

கணக்குப் போட்டதில் ஒன்று விட்டுப்போனது. வியாழனின் அலை சுழல் முனைவாக்கம் கொண்டது (திருகாணி மாதிரி சுழன்றுகொண்டே வரும்), 20 மெகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் வலச்சுழல். நம் டைபோல் நேர்கோட்டுக் கம்பி, அதில் பாதிதான் பிடிபடும், 3 டெசிபல் நஷ்டம். ஆனால் இரண்டு டைபோலுக்கும் அதே நஷ்டம், ஒன்றை மற்றதோடு ஒப்பிடும்போது விடை மாறாது. இரண்டு டைபோலும் ஒரே திசையில் கிடக்கும்வரை இது சரி. ஒன்றை வடக்கு தெற்காகவும் மற்றதைக் கிழக்கு மேற்காகவும் போட்டவர்கள் அப்படியே ஒப்பிடாதீர்கள். அலை துல்லியமான வட்டம் அல்ல, கொஞ்சம் நீள்வட்டம், அயனி மண்டலம் அந்த நீள்வட்டத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடம் இது பலமாகத் தெரியும், அடுத்த நிமிடம் அது.

2 பிப்ரவரி 2025

தம்பி, உன் பதிவைக் கேட்டேன். முதல் டைபோலைவிட இரண்டாவது 4 டெசிபல் குறைவு என்கிறாய், வியாழன் வெடிப்பில் பத்து முறை மாற்றிப் பார்த்திருக்கிறாய், அருமையான வேலை. ஆனால் டைபோலைக் கழற்றுவதற்கு முன்னால் கேபிள்களை மட்டும் இடம் மாற்று. முதல் டைபோலுக்கு இரண்டாவது கேபிள், இரண்டாவதுக்கு முதல் கேபிள். குறைவு எதோடு போகிறது என்று பார். இதற்கு வியாழன் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பால்வெளி போதும். எங்கேயோ தின்கிறது என்றால் பால்வெளியிலும் அதே அளவு குறையும்.

மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் வருகிற நேரத்தில் பார்க்காதே. உன் தெருக்கோடி பம்புசெட்டின் ஸ்டார்ட்டர் இரைச்சல் பதிவு முழுக்கக் கேட்கிறது.

5 பிப்ரவரி 2025

கேபிளோடுதான் போகிறதா? நினைத்தேன். கம்பத்தின் உச்சியில் இருக்கிற முனையை ஒரு முழம் உரித்துப் பார். வெளிப்பின்னல் செம்பு பளபளவென்று இல்லாமல் கறுத்துப் பச்சை பூத்திருந்தால் புயல் மழை உள்ளே இறங்கிவிட்டது. வாய் மூடாமல் விட்ட கேபிள் திரி மாதிரி தண்ணீரை அடிவரைக்கும் உறிஞ்சும், காயவைத்துப் பயனில்லை. புதுசு வாங்கும்போது இரண்டுக்கும் சேர்த்து ஒரே சுருளிலிருந்து ஒரே நீளத்தில் வெட்டு. ஏற்றுவதற்கு முன் முனையில் சுயமாய் ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் பிவிசி டேப். இரண்டு டைபோலிலும் சிவப்பு நூல் கிழக்கே இருக்கட்டும். இந்த வாரம் ஏழரை, எட்டு மணிக்கெல்லாம் வியாழன் உச்சிக்கு வந்துவிடுகிறது, ஊர் இரைச்சல் அடங்கும்போது மேற்கே இறங்க ஆரம்பித்திருக்கும். ஞாயிறு சாயங்காலம் ஏணியோடு வருகிறேன், வெளிச்சம் இருக்கும்போதே ஏற்றிவிடலாம்.